கில்லார்னிக்கு ட்ரிப் போடுற அயர்லாந்து தமிழ் மக்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள அண்ணன்மாரே, அக்காமாரே, தம்பி தங்கச்சிங்களே,

ஜூன் மாச பேங்க் ஹாலிடே வருதுன்னாலே நம்ம வாட்ஸப் குரூப்ல எல்லாம் கில்லார்னி பேச்சுதான், கெர்ரி மாவட்டத்துல ஏரியும் காடும் மலையுமா இருக்குற ஊரு. டப்ளின்லேர்ந்து, கார்க்லேர்ந்து, லிமரிக்லேர்ந்து நாலஞ்சு கார் சேந்து கெளம்புறது, ஒரு பெரிய வீடா பாத்து புக் பண்றது, யார் பிரியாணி யார் தயிர்சாதம்னு பிரிச்சுக்கறது, சனிக்கிழமை ரிங் ஆஃப் கெர்ரிங்கிற வட்ட ரோட்டுல முழுசா ஒரு ரவுண்டு, ஞாயித்துக்கிழமை மக்ராஸ் ஹவுஸ்ங்கிற பழைய மாளிகை முன்னாடி ஒரு குரூப் போட்டோ, டார்க் (Torc) அருவில ஒரு குரூப் போட்டோ, நேரம் இருந்தா குதிரை வண்டி, அப்பறம் வண்டிய எடுத்தா ராத்திரிக்குள்ள வீடு. சின்னப் பிள்ளைங்கள வச்சிக்கிட்டு இதுக்கு மேல என்ன பண்ண முடியும்னு கேட்டீங்கன்னா அதுலயும் நியாயம் இருக்கு. ஆனா இந்த வருஷம் ப்ளான் போடுறவங்ககிட்ட எனக்கு ஒரு வேண்டுகோள் இருக்கு, அதுக்காகத்தான் இத்தன நீளமா எழுதுறேன். அந்த மக்ராஸ் ஏரிய சுத்தி ஒரு நாள் முழுசா நடங்க. அப்படி நடக்கும்போது வழி நெடுக பூத்துக் கெடக்குற அந்த ஊதா பிங்க் பூ என்ன பூன்னு தெரிஞ்சுக்கிட்டு நடங்க.

மொதல்ல அந்தப் பூவையே பேசிடுறேன், ஏன்னா நம்ம குரூப்ல வர்ற கில்லார்னி போட்டோல பாதி அதுக்கு முன்னாடி நின்னு எடுத்ததுதான். மே கடைசிலயும் ஜூன் தொடக்கத்துலயும் ரோட்டோரம், ஏரி ஓரம், மலைச்சரிவு எல்லாம் கொத்துக் கொத்தா பூத்திருக்கும், பாக்க அவ்ளோ அழகா இருக்கும், அத நான் மறுக்கல. அதுக்கு பேரு ரோடோடென்ட்ரான் பான்டிகம். அயர்லாந்து செடியே இல்ல அது. ஸ்பெயின், போர்ச்சுகல் பக்கமும் துருக்கில கருங்கடல் பக்கமும் உள்ளது. 18-ம் நூற்றாண்டுல பிரிட்டனுக்கு தோட்டச் செடியா வந்து, 19-ம் நூற்றாண்டுல பெரிய பெரிய எஸ்டேட்காரங்க அழகுக்கும், வேட்டைப் பறவைங்க ஒளிஞ்சுக்க புதர் வேணும்னும் நட்டு வச்சாங்க. கெர்ரியோட ஈரமும் புளிப்பு மண்ணும் அதுக்கு தாய்வீடு கணக்கா ஆயிடுச்சு. ஒரு பெரிய புதர் வருஷத்துக்கு 10 லட்சம் விதைக்கு மேல விடும், விதை தூசி சைஸ்ல இருக்கும், காத்துல பறந்து போயி ஈரப்பாசில ஒக்காந்தா போதும் மொளைச்சிடும், அங்க ஈரப்பாசி இல்லாத எடமே கெடையாது. கெளை மண்ணுல தொட்டா அங்கயே வேர் விட்டு இன்னொரு புதரா எழும்பும். வெட்டினா அடிக்கட்டைலேர்ந்து திரும்ப துளிர்க்கும். எலையில விஷம் இருக்குறதால மானும் ஆடும் கடிக்கறதில்ல, அதனால பக்கத்துல இருக்குற ஓக் கன்னு, ஹாலி கன்னு எல்லாத்தையும் மேஞ்சிட்டு இத மட்டும் விட்டுடும்.

நம்ம ஆளுங்களுக்கு இது புதுக்கதை கெடையாது. வெறகுக்குன்னு வந்த சீமைக்கருவேலம் ராமநாதபுரத்துல என்ன பண்ணுச்சுன்னு தெரியும், வேலிக்கும் அழகுக்கும் வந்த உண்ணிச்செடி முதுமலைல என்ன பண்ணுதுன்னு தெரியும், ஊட்டிப் பக்கத்துக்காரங்களுக்கு வாட்டில் மரம் புல்வெளிய எப்படி முழுங்குச்சுன்னு கண்ணால பாத்த கதை. கில்லார்னில அதே வேலைய இந்தப் பூ பண்ணுது. ஒண்ணு மட்டும் சொல்லிடுறேன், நீலகிரி மேலயும் கொடைக்கானல் மேலயும் செக்கச்செவேல்னு பூக்குமே ஒரு ரோடோடென்ட்ரான் மரம், அது இதோட சொந்தக்காரச் செடிதான், ஆனா அது அந்த மலைக்குன்னே உள்ளது, சோலைக்காட்டோட சேந்து வாழுறது. அதையும் இதையும் போட்டு குழப்பிக்க வேணாம்.

சரி, இது எப்படி காட்டக் கொல்லுதுன்னு கார் ஜன்னல் வழியா பாத்தா தெரியவே தெரியாது. அதுக்குத்தான் நடங்கன்னு சொல்றேன். பாதைல நின்னுக்கிட்டே ஒரு அடர்ந்த புதருக்கு அடியில குனிஞ்சு பாருங்க. மேல பூவும் பளபளன்னு பச்சை எலையுமா இருக்குறதுக்கு அடியில வெறும் கறுப்பு மண்ணு, காஞ்ச எலை, முறுக்கிக்கிட்டு போற தண்டு, அவ்ளோதான். ஒரு புல்லு இருக்காது. ஒரு பெரணி இருக்காது. பாசி கூட இருக்காது, வெளிய ஒவ்வொரு கல்லு மேலயும் மரத்து மேலயும் விரல் கனத்துக்கு பாசி படிஞ்ச ஊர்ல. அதே எடத்துல புதருக்கு மேல தலைய நீட்டிக்கிட்டு 200 வருஷத்து ஓக் மரம் ஒண்ணு நிக்கும், கெளை முழுக்க பெரணி தொங்கும், பாக்கறவங்க ஆஹா என்னா காடுன்னு சொல்லிட்டு போவோம், ஆனா அந்த மரம் போட்ட விதை கீழ விழுந்து ஒரு கன்னு கூட எந்திரிக்கல. இருக்குற பெருசுங்க செத்துப் போச்சுன்னா அதுக்கப்பறம் அங்க ஓக் காடு கெடையாது, வெறும் ரோடோடென்ட்ரான் மட்டும்தான். அயர்லாந்துல மிச்சம் இருக்குற இயற்கையான ஓக் காட்டுலயே பெரிய பரப்பு இந்த கில்லார்னிலதான் இருக்கு, மத்த எடத்துல எல்லாம் எப்பவோ வெட்டி முடிச்சிட்டாங்க. அதனாலதான் எனக்கு இவ்ளோ பதட்டம்.

இப்ப அந்த எடத்தோட கதைக்கு வர்றேன், ஏன்னா மக்ராஸ் ஹவுஸ் வாசல்ல போட்டோ எடுக்குற நம்மல்ல பாதிப் பேருக்கு அது யார் வீடு, அந்தக் காடு எப்படி நம்ம எல்லாருக்கும் ஃப்ரீயா தொறந்து கெடக்குதுன்னு தெரியல. அந்த வீடு 1843-ல கட்டி முடிச்சது, ஹெர்பர்ட் குடும்பத்துக்காக, டிசைன் பண்ணது வில்லியம் பர்ன்னு ஒரு ஸ்காட்லாந்து ஆர்க்கிடெக்ட். 1843-ங்கிற வருஷத்த கொஞ்சம் மனசுல வச்சிக்கோங்க. 1845-ல உருளைக்கெழங்குல நோய் விழுந்துச்சு. அடுத்த சில வருஷத்துல இந்த நாட்டுல 10 லட்சம் பேரு பசிலயும் நோய்லயும் செத்தாங்க, அதுக்கும் மேல ஆளுங்க கப்பல் ஏறி ஊர விட்டே போனாங்க, கெர்ரி மாதிரி மேற்குப் பக்க ஊருங்கதான் ரொம்ப அடி வாங்குச்சு. அந்த வீட்டு வாசல்ல நிக்கும்போது அந்த ரெண்டு விஷயத்தையும் சேத்து யோசிக்காம எனக்கு நிக்க முடியறதில்ல.

1861-ல விக்டோரியா மகாராணி வந்து தங்கினாங்க, அதுக்காக ஹெர்பர்ட் குடும்பம் வருஷக்கணக்கா வீட்ட அலங்காரம் பண்ணி செலவு பண்ணுச்சு, பின்னாடி கடன்ல மூழ்கி எஸ்டேட்டே கைய விட்டுப் போச்சு. 1899-ல கின்னஸ் குடும்பத்துக்காரர் ஆர்டிலான் பிரபு வாங்கினார். 1911-ல கலிஃபோர்னியால தங்கச் சுரங்கம் வச்சிருந்த வில்லியம் போர்ன் வாங்கி, மக மோடுக்கும் மருமகன் ஆர்தர் வின்சென்ட்டுக்கும் கல்யாணச் சீரா குடுத்தார். இது வரைக்கும் பணக்காரங்க கைமாத்திக்கிட்ட கதைதான், அதுல எனக்கு பெரிய ஈடுபாடு இல்ல. அதுக்கப்பறம் நடந்ததுதான் விஷயம். மோடு 1929-ல இறந்துட்டாங்க. 1932-ல அவங்க அப்பா அம்மாவும் புருஷனும் சேந்து அவங்க ஞாபகார்த்தமா வீடு, தோட்டம், ஏரி, காடு, மலைன்னு சுமார் 11,000 ஏக்கர் மொத்தத்தையும் அயர்லாந்து நாட்டுக்கு எழுதிக் குடுத்துட்டாங்க. போர்ன் வின்சென்ட் மெமோரியல் பார்க்னு பேரு. அதுதான் இந்த நாட்டோட மொத நேஷனல் பார்க். சுதந்திரம் வாங்கி பத்து வருஷம் கூட முழுசா ஆகாத நாடு, கைல காசில்லாத நாடு, அதுக்கு இது எவ்ளோ பெரிய சொத்துன்னு யோசிச்சுப் பாருங்க. பின்னாடி பக்கத்து நெலமெல்லாம் சேந்து இன்னைக்கு 10,000 ஹெக்டேருக்கு மேல இருக்கு. வீட்டுக்குள்ள போறதுக்குத்தான் டிக்கெட்டு, காட்டுல நடக்குறதுக்கு ஒத்தப் பைசா வேணாம்.

அதனால நாம வேடிக்கை பாக்க வந்தவங்க, இதெல்லாம் அவங்க ஊரு, அவங்க பாத்துப்பாங்கன்னு சொல்றத நான் ஏத்துக்க மாட்டேன். நாம இங்க வரி கட்றோம், நம்ம பிள்ளைங்க இங்கதான் பொறக்குது, இந்த ஊரு ஸ்கூல்ல ஐரிஷ் படிக்குது, நாட்டுக்குன்னு எழுதிக் குடுத்த சொத்துல அதுங்களுக்கும் பங்கு இருக்கு. பங்கு இருந்தா பாத்துக்கற வேலையும் இருக்கு.

நடக்குற ரூட்டு சொல்றேன். ஒரு ரவுண்டு கிட்டத்தட்ட 10 கிலோமீட்டர், பெரும்பாலும் சமமான பாதை, ட்ரெக்கிங் ஷூ அவசியம் இல்ல, சாதாரண ஸ்போர்ட்ஸ் ஷூ போதும். மக்ராஸ் ஹவுஸ்லேர்ந்து மேற்கால போனா ரெண்டு ஏரிக்கு நடுவுல நீட்டிக்கிட்டு இருக்குற நெலம், வலது கைப் பக்கம் பெரிய ஏரி லாக் லேன், இடது கைப் பக்கம் மக்ராஸ் ஏரி. கில்லார்னில உள்ள மூணு ஏரில மக்ராஸ் ஏரிதான் ஆழம், 70 மீட்டருக்கு மேல போகும், கரையிலயே கறுப்பா இருக்கும் தண்ணி, பிள்ளைங்கள எறக்காதீங்க. சைக்கிள்காரங்களுக்கு அது ஒன்வே, நீங்க போற அதே பக்கமாத்தான் பின்னாடிலேர்ந்து வருவாங்க, அதனால பிள்ளைங்கள பாதையோட ஒரு ஓரமாவே கூட்டிட்டு போங்க, எல்லாரும் வரிசையா கைகோத்துக்கிட்டு பாதைய அடைச்சுக்கிட்டு நடக்காதீங்க, இத கொஞ்சம் கண்டிப்பாவே சொல்றேன்.

கொஞ்ச தூரத்துலயே ரீனடின்னா காடு வரும். அது யூ மரக்காடு. யூ மரம் இங்க எல்லா சர்ச் கல்லறைத் தோட்டத்துலயும் ஒண்ணு ரெண்டு நிக்கும், பாத்திருப்பீங்க, ஆனா அது ஒரு காடாவே நிக்கிறது ஐரோப்பாலயே ரொம்ப ரொம்ப அபூர்வம், ரீனடின்னா சுமார் 25 ஹெக்டேர். உள்ள நுழைஞ்சா பகல்லயே சாயங்காலம் ஆன மாதிரி வெளிச்சம் எறங்கிடும். தரை மண்ணே கெடையாது, சுண்ணாம்புப் பாறை, மழை அரிச்சு அரிச்சு வெடிப்பு வெடிப்பா போன பாறை, அதுக்கு மேல மொத்தமா பாசிப் போர்வை, அந்தப் போர்வைக்கு மேல செந்தவிட்டுக் கலர் வேரு பாறைய கவ்விப் புடிச்சுக்கிட்டு கெடக்கும், எங்க வேரு முடிஞ்சு எங்க கல்லு ஆரம்பிக்குதுன்னு பிரிச்சுச் சொல்ல முடியாது. கையால தொட்டுப் பாருங்க, தப்பில்ல, ஈரமா சில்லுன்னு இருக்கும். ஆனா பிச்சு எடுக்காதீங்க. கொலு வைக்கும்போது பார்க் செட் பண்றதுக்கு பாசி எடுத்துட்டு வரலாமான்னு குரூப்ல ஒரு அக்கா கேட்டிருந்தாங்க, ஆசை புரியுது அக்கா, ஆனா வேணாம். ஒரு உள்ளங்கை அளவு பாசி திரும்ப வளர எத்தனையோ வருஷம் ஆகும்.

இதுக்கு கில்லார்னிலயே ஒரு பழைய கதை உண்டு. கில்லார்னி ஃபெர்ன்னு ஒரு பெரணி, எலை கண்ணாடி மாதிரி ஊடுருவித் தெரியும், அருவிச் சாரல் படுற இருட்டு எடத்துல மட்டும் வளரும். விக்டோரியா காலத்துல பெரணி சேக்குறது இங்கிலாந்து பூரா ஒரு பைத்தியமா பரவிச்சு, சுத்திப் பாக்க வர்றவங்களுக்கு விக்கறதுக்குன்னே உள்ளூர்ல பறிச்சுப் பறிச்சு, கில்லார்னி பேர வச்ச பெரணியே கில்லார்னில கண்ணுல படாம போற அளவுக்கு வந்துச்சு. ஆளுக்கு ஒண்ணுதான எடுத்தோம்னு ஒவ்வொருத்தரும் நெனச்சிருப்பாங்க. இன்னைக்கு சட்டப்படி பாதுகாப்புல இருக்குற செடி அது.

இன்னொண்ணு, யூ மரத்துல எலை, பட்டை, கொட்டை எல்லாமே விஷம். இலையுதிர் காலத்துல செவப்பா சின்னக் கிண்ணம் மாதிரி பழம் தொங்கும், பிள்ளைங்க கை கண்டிப்பா அதுல போகும், செவப்புச் சதை மட்டும்தான் விஷம் இல்ல, உள்ள இருக்குற கொட்டை ஆபத்து. வாயில வைக்கக் கூடாதுன்னு முன்னாடியே சொல்லி வச்சிடுங்க. ரோடோடென்ட்ரானுக்கும் அதேதான், பூவ பிச்சு தேன் உறிஞ்சுற வெளையாட்டு நம்ம ஊர் இட்லிப்பூவோட சரி, இதுல கூடவே கூடாது.

அங்கேர்ந்து மேற்கால நடக்க நடக்க ஒரு எடத்துல காடு மாறும். இத கவனிச்சுப் பாக்கணும்னு ரொம்ப ஆசையா சொல்றேன். சுண்ணாம்புப் பாறை முடிஞ்சு செம்மணற்பாறை தொடங்குற எடம் அது, மண்ணு மாறுனதும் மரமும் மாறுது, யூ கொறைஞ்சு ஓக் ஆரம்பிக்குது, தலைக்கு மேல தெறந்துக்கும், வெளிச்சம் பச்சையா கொட்டும், கீழ ஹாலி மரம், பில்பெரி புதர், பெரணி. கொஞ்ச தூர நடைலயே ரெண்டு வேற வேற காடு. கார்ல போனா இத பாக்கவே முடியாது, அந்தப் பக்கம் கார் போறதே இல்ல. ஏரி ஓரத்துல ஆர்புட்டஸ்னு ஒரு மரம் பாறை இடுக்குல வளைஞ்சு நிக்கும், ஸ்ட்ராபெரி மரம்னும் சொல்வாங்க. அது ஸ்பெயின் பக்கம் நெறைய இருக்கு, பிரிட்டன்ல இயற்கையா கெடையாது, ஆனா கெர்ரில இருக்கு. பழம் பழுக்க ஒரு வருஷம் எடுக்கும், அதனால இலையுதிர் காலத்துல போனா போன வருஷத்துப் பழமும் இந்த வருஷத்துப் பூவும் ஒரே கெளைல பாக்கலாம். 19-ம் நூற்றாண்டுல இந்த மரத்துல இழைச்சு டப்பா, மேசைன்னு டூரிஸ்ட்டுக்கு வித்தாங்க, மக்ராஸ் ஹவுஸ் உள்ளயே அந்த கில்லார்னி மர வேலைப்பாட்ட பாக்கலாம்.

அப்பறம் பிரிக்கீன் பாலம், அதுக்கு அடியிலதான் ரெண்டு ஏரித் தண்ணியும் கலக்குது. பாலம் தாண்டி டினிஸ் தீவு, அங்க மேல் ஏரிலேர்ந்து வர்ற ஆறும் சேந்து மூணும் சந்திக்குற எடத்துக்கு மீட்டிங் ஆஃப் த வாட்டர்ஸ்னே பேரு, கொஞ்சம் தள்ளி ஓல்ட் வியர் பிரிட்ஜ்னு பழைய கல்பாலம், தண்ணி அங்க வேகமா சுழிச்சுக்கிட்டு போகும். கட்டுச்சோத்தப் பிரிக்க இந்தப் பக்கம்தான் சரியான எடம். லெமன் சாதமும் உருளைக்கெழங்கு வறுவலும் அங்க ஒக்காந்து சாப்புட்டுப் பாருங்க. ஆனா ஒரு டிஷ்யூ பேப்பர் கூட விட்டுட்டு வராதீங்க, ஆரஞ்சுத் தோலும் சேத்துத்தான் சொல்றேன், மக்கிடும்னு சமாதானம் சொல்லாதீங்க, மிச்ச சோத்த வாத்துக்கும் மானுக்கும் கொட்டாதீங்க. அங்கேர்ந்து N71 மெயின் ரோட்டுப் பக்கம் வந்து, டார்க் அருவிய பாத்துட்டு, திரும்ப மக்ராஸ் ஹவுஸ். ரோட்ட கடக்குற எடத்துல மட்டும் ஜாக்கிரதை, டூரிஸ்ட் பஸ் வளைவுல திடீர்னு வந்து நிக்கும்.

நெருப்பு விஷயத்த தனியா சொல்லியாகணும். டிஸ்போசபிள் பார்பிக்யூ ட்ரே ஒண்ணு சூப்பர்மார்க்கெட்டுல வாங்கிட்டு, ஏரி ஓரமா சிக்கன் போட்டு எடுக்கலாம்னு ப்ளான்ல எழுதி இருந்தா தயவு செஞ்சு இப்பவே அடிச்சிடுங்க. நேஷனல் பார்க்குள்ள தீ மூட்டுறதுக்கும் பார்பிக்யூக்கும் அனுமதி கெடையாது. 2021 ஏப்ரல்ல இதே பார்க்ல தீ புடிச்சு நாள் கணக்கா எரிஞ்சுச்சு, ஹெலிகாப்டர்ல தண்ணி கொண்டாந்து ஊத்தினாங்க, 2,500-லேர்ந்து 3,000 ஹெக்டேர் வரைக்கும் போச்சு. மழை ஊரு, எங்க தீ புடிக்கும்னு தோணும். ஏப்ரல் மே மாசத்துல பத்து நாள் வெயில் அடிச்சா மலை மேல போன வருஷத்துப் புல்லும் பெரணியும் காஞ்ச வைக்கோலா கெடக்கும். வீட்ல சமைச்சே எடுத்துட்டு போங்க, நம்ம பொம்பளைங்களும் ஆம்பளைங்களும் கட்டிக் குடுக்காத புளிசாதமா.

மானப் பத்தி. அங்க இருக்குற செம்மான் கூட்டம்தான் அயர்லாந்தோட பழைய காட்டு மான் வம்சத்துல மிச்சம், மத்த எடத்துல எல்லாம் அழிஞ்சு போச்சு, 1970 வாக்குல இங்கயும் நூத்திச் சொச்சம்தான் இருந்துச்சு, பாதுகாத்து பாதுகாத்து ஏத்தி வச்சிருக்காங்க. மக்ராஸ் புல்வெளில சாயங்காலம் ஆனா கூட்டமா வந்து மேயும், பாக்கறதுக்கு சாதுவாத்தான் இருக்கும். கைல பிஸ்கட்ட நீட்டிக்கிட்டு செல்ஃபி எடுக்க பக்கத்துல போகாதீங்க. ஜூன் மாசம் குட்டி போடுற மாசம், தாய் குட்டிய பெரணிப் புதருக்குள்ள படுக்க வச்சிட்டு மேயப் போயிடும், அது அசையாம கெடக்கும், ஐயோ பாவம் அநாதைக் குட்டின்னு நெனச்சு நம்ம பிள்ளைங்க தூக்கிடும். தூக்கக் கூடாது, தொடக்கூடாது, சத்தமில்லாம தள்ளி வந்துடணும், நம்ம வாடை பட்டா தாய் கிட்ட வரத் தயங்கும். அக்டோபர்ல போனா வேற கதை, கெடா மானுங்க சண்டை போடுற சீசன், அதுங்க கத்துறது மலை பூரா கேக்கும், கொம்பு உள்ளதுக்கிட்ட பக்கத்துல போறது உயிருக்கே ஆபத்து. ஜப்பான் சீக்கா மானும் அங்க உண்டு, அதையும் 1860-கள்ல எஸ்டேட்காரங்கதான் கொண்டாந்து விட்டாங்க. ரெண்டும் சேந்து எளங்கன்ன மேஞ்சிடுதுன்னு காட்டுல சில எடத்துல உயரமா வேலி போட்டு வச்சிருப்பாங்க, வேலிக்கு உள்ளயும் வெளியயும் ஒரு தடவ ஒப்பிட்டுப் பாருங்க, உள்ள கன்னு எந்திரிச்சு நிக்கும். அந்த கேட்ட தொறந்து போட்டுடாதீங்க.

மான் இருக்குற எடத்துல உண்ணி இருக்கும். லைம்னு ஒரு நோய் உண்ணிக் கடியால வரும், அதனால காட்டுல நடந்துட்டு வந்த அன்னைக்கு ராத்திரி பிள்ளைங்களோட முழங்கால் பின்பக்கம், அக்குள், இடுப்பு, தலைமுடி ஓரம் எல்லாம் லைட் போட்டு ஒரு தடவ பாத்துடுங்க. பேன்ட்டு முழுசா போட்டு, சாக்ஸ மேல இழுத்து விட்டுக்கிட்டா பெரும்பாலும் பிரச்னை இல்ல. கடிச்சிருந்தா மெல்லிசான சாமணத்தால தோலை ஒட்டிப் புடிச்சு நேரா இழுத்து எடுக்கணும், நெருப்பு வைக்கிறது எண்ணெய் ஊத்துறது எல்லாம் வேணாம், அப்பறம் வட்டமா செவப்பு தெரிஞ்சா ஜிபி டாக்டர்கிட்ட போங்க.

ஊர்லேர்ந்து அப்பா அம்மா விசிட் வந்திருக்காங்க, அவங்களால 10 கிலோமீட்டர் நடக்க முடியாதுன்னா கவலையே படாதீங்க, மக்ராஸ் ஹவுஸ்லேர்ந்து மக்ராஸ் அபே வரைக்கும் மெதுவா கூட்டிட்டு போங்க, நல்ல பாதை. 1448-ல ஃப்ரான்சிஸ்கன் துறவிங்க கட்டின மடம், 1650-கள்ல இங்கிலாந்துக்காரர் க்ராம்வெல்லோட படை எரிச்சுச்சு, கூரை போயி சுவரு நிக்குது. நடு முற்றத்துல ஒரு பழைய யூ மரம் சுத்தி இருக்குற தூணுங்களுக்கு மேல வளந்து நிக்கும், அடிமரம் துணி முறுக்கிப் பிழிஞ்சாப்புல இருக்கும். நம்ம ஊர்க் கோயில்ல தலமரத்த சுத்தி வந்து பழகினவங்களுக்கு அங்க என்ன பண்ணணும்னு யாரும் சொல்லிக் குடுக்க வேண்டியதில்ல, பேசாம போய் நிப்பாங்க.

கடைசியா ரோடோடென்ட்ரானுக்கே திரும்ப வர்றேன், ஏன்னா போட்டோ எடுக்காதீங்கன்னு சொல்லிட்டு விட்டுட்டா அது எதுக்கும் உதவாது. போட்டோ எடுங்க. ஆனா போஸ்ட் பண்ணும்போது கீழ ரெண்டு வரி எழுதுங்க, இது இந்தக் காட்ட அழிக்குற செடின்னு. நர்சரில ரோடோடென்ட்ரான் பான்டிகம் இருந்தா வாங்கி வீட்டுத் தோட்டத்துல வைக்காதீங்க, வாங்குன வீட்டுல ஏற்கனவே இருந்தா வெட்டிட்டு, அடிக்கட்டைய துளிர்க்க விடாம பாத்துக்கோங்க. ஏன் இவ்ளோ அழுத்திச் சொல்றேன்னா, அங்க இத ஒழிக்கிறதுக்கு எத்தனை பேரு எத்தனை வருஷம் குனிஞ்சு நிமிந்திருக்காங்கன்னு நெனச்சா மனசு பதறுது. 1981-லேர்ந்து ஒவ்வொரு கோடைக்கும் தன்னார்வலர்ங்க உலகத்துல பல ஊர்லேர்ந்து வந்து, கேம்ப் போட்டுத் தங்கி, மழைலயும் கொசு மாதிரி கடிக்குற மிட்ஜ் பூச்சிக்கு நடுவுலயும் ரம்பத்தால அறுத்து, கட்டைக்கு மருந்து வச்சு, கன்னு கன்னா கையால புடுங்கி, வருஷக்கணக்கா அந்தக் காட்டுல வேலை பாத்தாங்க. சுத்தம் பண்ண எடத்த அப்படியே விட்டா கொஞ்ச வருஷத்துல பக்கத்துப் புதர்லேர்ந்து விதை வந்து மறுபடி மூடிடும், அதனால திரும்பத் திரும்ப வந்து பாத்தாகணும். செலவு, ஆள், பொறுமை மூணும் வேணும். பார்க்குக்காரங்க கான்ட்ராக்ட் விட்டும் செய்றாங்க, ஆனா காடு பெருசு, சரிவும் சேறும் நெறைஞ்சது.

அரசாங்கம் இதுக்கு இன்னும் நெறைய பண்ணணும்கிறதுல எனக்கு சந்தேகமே இல்ல, நாட்டோட மொத நேஷனல் பார்க்க இந்த நெலமைக்கு விட்டிருக்கக் கூடாது. நம்ம தொகுதி டிடி-க்கு (பார்லிமென்ட் உறுப்பினருக்கு), கவுன்சிலருக்கு ஈமெயில் போடுறதுக்கு நமக்கு உரிமை இருக்கு, ஓட்டு கேட்டு வீட்டுக் கதவ தட்டும்போதும் இத கேக்கலாம். லோக்கல் எலெக்ஷன்ல ஓட்டுப் போட இங்க சிட்டிசனா இருக்கணும்னு கூட அவசியம் இல்ல, பேரு ரெஜிஸ்டர்ல இருந்தா போதும், நம்ம ஆளுங்க பாதிப் பேருக்கு அது தெரியாது. ஒவ்வொரு தமிழ்ச் சங்கமும் பொங்கலுக்கும் தீபாவளிக்கும் ஹால் புடிச்சு பாட்டு, டான்ஸ், சாப்பாடுன்னு செய்றீங்க, ரொம்ப நல்லா செய்றீங்க, அதே மாதிரி வருஷத்துல ஒரு சனிக்கிழமைய இந்தக் காட்டுக்குன்னு ஒதுக்கலாமே. நாமளா போயி அரிவாள எடுத்து வெட்ட முடியாது, கூடாது, பார்க்குக்காரங்க சொல்ற எடத்துல சொல்ற மாதிரிதான் செய்யணும். ஆனா கன்னு புடுங்குற வேலை பெருசா ட்ரெயினிங் வேண்டாத வேலை, பத்து வயசுப் பிள்ளையும் செய்யும், களை எடுத்துப் பழகின வம்சம்தானே நாமெல்லாம்.

அதனால சங்கத்து அண்ணன்மார், ட்ரிப் குரூப் அட்மின் அக்காமார்கிட்ட கேட்டுக்கறது இது. ஜூன் ப்ளான்ல ஞாயித்துக்கிழமைய மக்ராஸ் ஏரிக்கு முழுசா விட்டுடுங்க, ரிங் ஆஃப் கெர்ரிய பாதியா கொறைச்சுக்கலாம், காலைல 9 மணிக்குள்ள வந்துட்டா பார்க்கிங் சுலபமா கெடைக்கும். மானு, நெருப்பு, குப்பை, உண்ணி இந்த நாலையும் குரூப்ல பின் பண்ணி வச்சிடுங்க. கன்னு புடுங்குற நாளுக்கு பார்க் ஆபீஸுக்கு எழுதி அனுமதி, தேதி கேக்குற பொறுப்ப நான் எடுத்துக்கறேன், ஆனா எத்தன பேரு வருவோம்னு ஒரு எண்ணிக்கை சொல்லாம கேக்க முடியாது, அதனால வர்றவங்க இந்த மாசக் கடைசிக்குள்ள குரூப்ல பேரு குடுங்க, பிள்ளைங்க வயசும் எல்லாரோட கிளவுஸ் சைஸும் சேத்து எழுதிடுங்க.

அன்புடன்,
கார்க்லேர்ந்து உங்கள்ல ஒருத்தன்